கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேர்வராயன் மலை மக்களும்

'புற்றுநோய்' என்னும் சொல்லை நம் மக்கள் இன்றும் தயக்கத்தோடுதான் உச்சரிக்கின்றனர். கறையான் எழுப்பும் புற்றினைப் போன்று உடலின் உள்ளிருந்தே கட்டியாய் எழுந்து, சுற்றுமுள்ள இடங்களையும் அரித்துப் பரவும் இந்நோய்க்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. நோயின் பெயர் தரும் அச்சம் ஒருபுறமிருக்க, அதற்குரிய சிகிச்சையின் பெயரும் அச்சத்தையே தருகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையை ஊர்ப்புறங்களில் 'கரண்ட் வைப்பது' என்கின்றனர். அச்சொல்லைக் கேட்ட நோயாளி, உடலில் மின்சாரம் பாயும் என்றும், உடல் கருகிவிடும் என்றும் எண்ணி நடுங்குவது இயல்பே. உண்மையில் அங்கே மின்சாரம் உடலிற் பாய்வதில்லை. சிகிச்சை நடைபெறும் சில நிமிடங்களில் வலியும் தோன்றுவதில்லை.

எனினும் இவ்வச்சத்தினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்திவிடுவதே அது. கதிர்வீச்சு என்பது ஒருநாளில் கொடுத்து முடிக்கும் மருந்தன்று. பெரும்பாலும் வாரக்கணக்கில், நாள் தவறாது கொடுக்கப்படுவது. தொலைவும் வறுமையும் பக்க விளைவுகள் பற்றிய அறியாமையும் ஒன்று சேரும்போது நோயாளி பாதி வழியில் வீடு திரும்பிவிடுகிறார். ஏற்காடு போன்ற மலைப்பகுதி மக்களுக்கு இவ்விடர் பன்மடங்காகிறது. ஆதலின் இச்சிகிச்சை செயற்படும் விதத்தையும், அதனால் உடலில் விளையும் மாற்றங்களையும், அதனை இடையறாது நிறைவு செய்வதற்கான வழிகளையும் சேர்வராயன் மலை மக்களை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

கதிர் மருந்தான வரலாறு

1895-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஜெர்மானிய அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் அவர்தம் கணவர் பியரி கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்திருந்த பெக்கரலின் தோல் புண்ணானது. உயிருள்ள தசையை அழிக்கவல்ல இக்கதிரைக் கொண்டு தீய கட்டியையும் அழிக்கலாமே என்னும் எண்ணம் மருத்துவ உலகில் வலுப்பெற்றது. தீங்கு செய்யும் ஆற்றலே, அளவும் இடமும் அறிந்து செலுத்தப்படும்போது மருந்தாயிற்று.

தமிழகத்தில் இத்துறைக்கு நெடிய வரலாறுண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934-இல் தோன்றியது. புதுக்கோட்டையிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவர் உள்ளத்தில் ஓர் உறுதியாக மாறிற்று. 1952 அக்டோபரில் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கப்பெற்றது. அன்னாரின் புதல்வர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955 முதல் அங்குப் பணியாற்றி 2021 ஜனவரியில் மறைந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

கோபால்ட்-60 என்னும் கதிரியக்க ஐசோடோப்பின் கதிரைக் கொண்டு நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் முறை 1951-இல் கனடாவில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே, 1950-களின் பிற்பகுதியில், அடையாறும் கனடாவிலிருந்து அக்கருவியைப் பெற்றது. ஆசியக் கண்டத்தில் இத்தகைய கருவியை முதன்முதலில் பெற்ற மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பாபாட்ரான்' என்னும் கோபால்ட் கருவியை நம் நாட்டிலேயே வடிவமைத்தது. இன்று பல மருத்துவமனைகளில் லீனியர் ஆக்சிலரேட்டர் எனப்படும் நேரியல் முடுக்கிகள் பயன்படுகின்றன. கட்டியின் வடிவத்திற்கேற்பக் கதிர்க்கற்றையை வடிவமைத்துச் செலுத்தி, அருகிலுள்ள நல்ல உறுப்புகளைக் காக்கும் திறன் இவற்றிற்கு உண்டு.

நாள்தோறும் ஏன்?

'மொத்தக் கதிரையும் ஒரே நாளில் வைத்து அனுப்பிவிடலாகாதா?' என்று நோயாளர் பலரும் வினவுவர். நியாயமான வினாவே. கதிரானது உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. இழை அறுபட்ட அணு பெருகும் ஆற்றலை இழந்து மடிகிறது. புற்றணு, நல்லணு ஆகிய இரண்டையுமே கதிர் தாக்கும். ஆனால், அறுபட்ட இழையைச் செப்பனிட்டுக்கொள்ளும் திறன் நல்லணுவிற்கு மிகுதி, புற்றணுவிற்குக் குறைவு. மொத்த அளவையும் சிறு சிறு தவணைகளாகப் பகுத்துக் கொடுத்தால், இரு தவணைகட்கு இடைப்பட்ட நேரத்தில் நல்லணு தன்னைச் சீர்செய்துகொள்ளும். புற்றணு நாளுக்கு நாள் நலிவுறும். இதுவே தவணை முறையின் அடிப்படை.

கதிரின் அளவைக் 'கிரே' என்னும் அலகால் குறிப்பர். வழக்கமாக ஒரு தவணைக்கு 2 கிரே. வாரத்திற்கு 5 தவணை. வாய், தொண்டைப் புற்றுகளுக்கு மொத்தம் 60 முதல் 70 கிரே வரை, அதாவது 30 முதல் 35 தவணைகள், ஆறு அல்லது ஏழு வாரங்களில் தரப்படும்.

இவ்விடத்தில் ஒன்றனை நாம் ஆழ்ந்து கருதுதல் வேண்டும். சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு வாரங்கள் ஆனபின், எஞ்சிய புற்றணுக்கள் முன்னினும் விரைந்து பெருகத் தொடங்குகின்றன. அந்நிலையில் நோயாளி ஒரு வாரம் வாராதிருந்தால், அதுவரை அழிந்த புற்றின் ஒரு பகுதி மீண்டும் முளைத்துவிடுகிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் சிகிச்சைக் காலம் ஒருநாள் நீண்டாலும், நோய் கட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று என்னும் அளவிற் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கருப்பைவாய்ப் புற்றுக்கு முழுச் சிகிச்சையையும் எட்டு வாரத்திற்குள் முடித்தல் வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. களை பறிப்பவன் பாதி வயலோடு நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் என்னாகும்? அதுவே இங்கும் நிகழ்கிறது.

மலைப்பாதையும் தவணைக் கணக்கும்

ஏரியும் காடும் இணைந்து 'ஏற்காடு' என்னும் பெயர் அமைந்தது என்பர். சேலம் மாவட்டத்தில் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இவ்வூரைச் சுற்றுலாத் தலமாகவே பலரும் அறிவர். அங்கு வாழ்வோரின் நிலை வேறு. நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், வெள்ளக்கடை, மாரமங்கலம் முதலான ஊர்களில் 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்களும், காப்பித் தோட்டத் தொழிலாளரும் வாழ்கின்றனர். (இங்கு 'மலையாளி' என்பது மலையில் வாழ்வோரைக் குறிக்கும், கேரள மக்களையன்று.) சாமையும் கேழ்வரகும் இவர்தம் பழைய உணவு. காப்பியும் மிளகும் கூலிக்கு வழி.

ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இன்று சேலம் நகரிலேயே கதிர்வீச்சுச் சிகிச்சை கிடைப்பது பெரும்பேறே. ஆயினும், நாள்தோறும் சென்று மீளும் ஒரு நோயாளியின் கணக்கைப் பார்ப்போம். ஒருநாளைக்கு 60 கிலோமீட்டர், 40 வளைவுகள். 35 தவணைக்கு 2100 கிலோமீட்டர், 1400 வளைவுகள். உள்ளூர்க் குடியிருப்பிலிருந்து ஏற்காடு வந்து சேரும் தொலைவு இதில் அடங்காது. குமட்டலும் அயர்வும் உடைய ஒருவர், உடன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஏழு வாரம் இவ்வாறு பயணம் செய்தல் எளிதன்று. ஒரு நோயாளியால் இருவர் கூலி அற்றுப்போகிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவமாயின் இழப்பு மேலும் மிகும்.

பருவமழை மற்றோர் இடர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் தொடர்ச்சியாக ஏற்காட்டில் பெருமழை கொட்டியபோது, மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு விடுமுறை தவறிய செய்தி. சிகிச்சையின் நடுவில் இருப்பவருக்கோ தவணை தவறிய செய்தியாகும். ஆகவே மலை மக்கள் நாள்தோறும் சென்று மீளும் திட்டத்தை விடுத்து, சிகிச்சைக் காலம் முழுதும் அடிவாரத்திலோ மருத்துவமனைக்கு அண்மையிலோ தங்கும் ஏற்பாட்டினை முதலிலேயே செய்துகொள்ளுதல் நன்று. எதிர்பாராது ஒரு தவணை தவறினால், உடனே மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். வார இறுதியில் கொடுத்தோ, வேறு வகையிலோ அதனை ஈடுசெய்ய அவர்கள் வழி காண்பர்.

சில புற்றுகளுக்கு இன்று தவணைகள் குறைந்துள்ளமையையும் இங்கே கூறுதல் தகும். மார்பகப் புற்றுக்கு முன்னர் 25 தவணைகள் ஐந்து வாரங்களில் தரப்பட்டன. இப்போது பலருக்கு மூன்று வாரங்களில் 15 தவணைகளே போதுமெனத் தெளியப்பட்டுள்ளது. ஒரே வாரத்தில் 5 தவணைகளாகக் கொடுப்பதும் தக்கவர்களுக்குப் பயன் தருவதைப் பிரித்தானிய ஆய்வொன்று 2020-இல் காட்டியது. எலும்பிற் பரவிய புற்றின் கடும் வலியைத் தணிக்க ஒரே தவணையும் போதுமானதாகலாம். 'எம் ஊர் தொலைவிலுள்ளது. எமக்குக் குறுகிய முறை பொருந்துமா?' என்று மருத்துவரிடம் வினவ நோயாளிக்கு உரிமையுண்டு.

உடலில் தோன்றும் விளைவுகள்

கதிர் எவ்விடத்தில் படுகிறதோ அவ்விடத்திலேயே பெரும்பாலான விளைவுகள் தோன்றும். கருப்பைவாய்க்குக் கதிர் பெறும் பெண்ணின் தலைமுடி அதனால் உதிர்வதில்லை. தலைக்குக் கதிர் பெறுவோர்க்கே அது நிகழும். அயர்வு மட்டும் பெரும்பாலோர்க்குப் பொதுவானது.

சிகிச்சை தொடங்கி முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் தோன்றாது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கதிர் படும் தோல் சிவக்கும், பின்னர்க் கறுக்கும், சிலர்க்கு உரியும். வாய், தொண்டைக்குக் கதிர் பெறுவோர்க்கு வாய்ப்புண் தோன்றும், உமிழ்நீர் வற்றும், சுவை கெடும், விழுங்குதல் கடினமாகும். வயிற்றின் கீழ்ப்பகுதிக்குக் கதிர் பெறுவோர்க்கு வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் உண்டாகும். இவை சிகிச்சையின் இறுதி வாரத்திலும் அதனை அடுத்த ஓரிரு வாரங்களிலும் உச்சநிலையை எய்தி, பின்னர்ப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் தணியும்.

இந்தக் கால ஒழுங்கை அறியாமையே பேரிடர் விளைவிக்கிறது. மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணானதும், 'கட்டி சிறிதாயிற்று, புண்ணோ பெரிதாயிற்று, இனிப் போகவேண்டா' என்று வீட்டார் முடிவு செய்துவிடுகின்றனர். புற்றணுக்கள் விரைந்து பெருகத் தொடங்கும் காலமும் அம்மூன்றாம், நான்காம் வாரமே என்பதை முன்னரே கண்டோம். நிறுத்தக்கூடாத வேளையிலேயே நிறுத்துகிறோம் என்பதை வீட்டார் உணர்தல் வேண்டும். புண் தோன்றுவது எதிர்பார்க்கப்பட்டதே, அதற்கு மருந்துண்டு.

வாய்ப்புண் உடையோர் வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு உப்பும் சமையல் சோடாவும் கலந்து நாளைக்குப் பலமுறை வாய் கொப்பளித்தல் நலம். மிளகாயும் புளிப்பும் சூடும் தவிர்க்க. கேழ்வரகுக் களி விழுங்க இயலாதபோது அதனையே கஞ்சியாகக் காய்ச்சி ஆற்றிக் குடிக்கலாம். மோர், பருப்பு நீர், குழைந்த சோறு, முட்டை ஆகியவை உடலெடை குறையாமற் காக்கும். புகையிலையும் வெற்றிலை பாக்கும் அறவே விலக்க வேண்டியன. விழுங்கவே இயலாத நிலையில் மூக்கு வழியே உணவுக்குழாய் பொருத்துவர். அதனைக் கண்டு அஞ்சவேண்டா.

கதிர் படும் தோலை மென்மையான சோப்பும் நீரும் கொண்டு தேய்க்காமற் கழுவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை, மருத்துவர் தராத களிம்பு எதனையும் பூசலாகாது. தளர்ந்த பருத்தி ஆடையே ஏற்றது. மலைக்குளிரில் வாழ்வோர்க்குத் தனியே ஒரு குறிப்புரை. கம்பளியை நேரே கழுத்திற் சுற்றினால் கதிர்பட்ட தோல் உராய்ந்து புண்ணாகும். உள்ளே மென்மையான பருத்தித் துணியை வைத்துக்கொள்க. அத்தோலில் வெந்நீர்ப் பை வைத்தலும், அடுப்பருகே அமர்ந்து அனல் காய்தலும் கூடா. கதிர் விழும் எல்லையைக் காட்டத் தோலில் இடும் மைக்குறியை அழித்துவிடலாகாது.

பின்னாளில் வரும் விளைவுகள்

சில விளைவுகள் மாதங்களும் ஆண்டுகளும் கழிந்தபின் தோன்றலாம். உமிழ்நீர் நிலையாகக் குறைதல், வாய் திறக்கும் அளவு சுருங்குதல், தாடை எலும்பு நலிதல் ஆகியன வாய்ப் பகுதிக்குரியன. ஆகவே பல் பிடுங்கவேண்டியிருப்பின் கதிருக்கு முன்னரே பிடுங்கிவிடுதல் முறை. பின்னாளில் பல் மருத்துவரிடம் செல்லும்போது கதிர் பெற்றதை மறவாமற் கூறவேண்டும். வாய் திறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்தல் வேண்டும். இடுப்புப் பகுதிக்குக் கதிர் பெறும் இளம்பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, மகப்பேற்று வாய்ப்பு அற்றுப்போகலாம். நாணத்தால் இதனை வினவாது விடுவோர் பின்னர் வருந்துவர். தொடங்குமுன் கணவனும் மனைவியும் மருத்துவரிடம் கலந்து பேசுதல் வேண்டும். கதிரால் நெடுங்காலத்திற்குப் பின் வேறொரு புற்று தோன்றுவதும் உண்டு. ஆயினும் அது அரிது. கண்முன் உள்ள நோயின் கேட்டோடு ஒப்பிட மிகச் சிறிது.

தொட்டால் ஒட்டுமா?

புறத்திலிருந்து கருவியாற் கதிர் பெறுபவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. கருவி நின்றதும் கதிரும் நின்றுவிடும். அவர் தம் குழந்தையை அணைக்கலாம், ஒரே தட்டில் உண்ணலாம், குடும்பத்தோடு உறங்கலாம். தனித்தட்டும் தனிக்கூரையும் நோயாளிக்கு நோயினும் கொடியன. கருப்பைவாய்ப் புற்றுக்கு உள்ளே கதிர்ப்பொருளை வைத்துக் கொடுக்கும் முறையிலும், அப்பொருளை எடுத்தபின் கதிர் எஞ்சுவதில்லை. தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 உட்கொண்டோர் மட்டும் மருத்துவர் கூறும் சில நாட்கள் குழந்தைகளிடமும் கருவுற்ற பெண்களிடமும் விலகியிருத்தல் வேண்டும்.

மார்க்கம் காட்டும் எளிமை

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்துள்ளமை நாமறிந்ததே. சிகிச்சை பெறுதல் இறைநம்பிக்கைக்கு மாறானதன்று. ரமளான் மாதத்தில் நோயாளிக்கு நோன்பினின்று சலுகையுண்டு. நலம் பெற்றபின் நோற்கலாம். நலம்பெறும் வாய்ப்பில்லாதோர்க்குப் பரிகாரம் உண்டு. வாய் வறண்டு, எடை குறைந்துவரும் ஒருவர் நோன்பிற்காகச் சிகிச்சையை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைத்தல், அருளப்பட்ட சலுகையைப் புறக்கணிப்பதாகும். நீர் படலாகாதென மருத்துவர் விலக்கினால் தயம்மும் உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். ஜும்ஆவிற்கு வர இயலாத நோயாளிக்கும் விலக்குண்டு; ஆதலின் வெள்ளிக்கிழமைத் தவணையை விடவேண்டிய கட்டாயமில்லை. ஐயம் எழுவோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. சமுதாயப் பெரியோர் இவற்றை மிம்பரிலிருந்து எடுத்துரைத்தால், நோயாளியின் மனத்திலுள்ள பெருஞ்சுமை ஒன்று இறங்கும்.

நாம் செய்யத்தக்கவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுடைய குடும்பங்கள் புற்றுநோய்ச் சிகிச்சை பெறலாம். சிகிச்சைக்காக இரயிலிற் செல்லும் புற்றுநோயாளருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகையுண்டு. இவற்றிற்குரிய படிவங்களை நிரப்பித் தரும் பணியை நம் மாணவர் மேற்கொள்ளலாம். ஆயினும் காப்பீட்டு அட்டை இழந்த கூலியை ஈடுசெய்யாது. தங்க இடமும் தாராது. இவ்விடத்தில்தான் ஜமாஅத்துகளின் உதவி தேவைப்படுகிறது. மருத்துவமனைக்கு அண்மையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மலைவாழ் நோயாளரைச் சமய வேறுபாடின்றித் தங்கவைத்தல், ஏழு வாரத்திற்கு அவர்தம் வீட்டிற்கு அரிசி வழங்குதல், உடன் செல்லத் துணையற்றோர்க்கு முறைவைத்துத் துணை அனுப்புதல் ஆகியன பெரும்பொருள் வேண்டாப் பேருதவிகள். வறியோர்க்குரிய ஜகாத்தும், எவர்க்கும் வழங்கத்தக்க ஸதகாவும் இதற்குத் துணையாகும்.

'கதிர்' என்னும் சொல் தமிழில் ஒளியையும் குறிக்கும்; விளைந்த நெல்லின் கதிரையும் குறிக்கும். விதைத்தவன் அறுவடை வரை காத்திருத்தல் போல, கதிர்மருத்துவம் தொடங்கியவரும் இறுதித் தவணை வரை செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்ல இயலாதார்க்கு வழித்துணையாய் நிற்றல் கற்றோரின் கடமை, வசதியுடையோரின் கடமை, நம் அனைவரின் கடமையுமாகும்.